ஆற்றோரம் போகும் சைக்கிள்

(தாராவியில் தமிழ் முதியோர் கல்வி வகுப்பில் நிகழ்த்திய பேச்சு)



இன்றைக்கு ஒரு பயணத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். இதற்கு விமானம் வேண்டாம். கார் வேண்டாம். பெட்ரோலும் வேண்டாம். ஒரு சைக்கிள் போதும்.

சைக்கிள் நமக்குப் புதிதா? இல்லை. தாராவியில் விடிந்தால் சைக்கிள்தான். பால் சைக்கிளில் வருகிறது. ரொட்டி சைக்கிளில் வருகிறது. இட்லிப் பாத்திரத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு விற்கப் போகிறவர்கள் நம் ஆட்கள்தான். அலுவலகங்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் டப்பாவாலாக்களும் சைக்கிளை நம்பித்தான் இருக்கிறார்கள்.

இதெல்லாம் பிழைப்புக்கு ஓட்டும் சைக்கிள். ஊர் பார்க்க ஓட்டும் சைக்கிளும் உண்டு. ஆற்றங்கரை ஓரமாக, கிராமம் கிராமமாக, நாள் கணக்கில் போகிறவர்கள் இருக்கிறார்கள். “அது பணக்காரர்களின் விளையாட்டு” என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி இல்லை. அது எப்படி என்றுதான் சொல்லப் போகிறேன்.

பிரான்சில் ஓர் ஆறு

பிரான்ஸ் என்ற நாட்டைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1954 வரை புதுச்சேரியை ஆண்டது அந்த நாடுதான். அங்கே லுவார் என்று ஓர் ஆறு ஓடுகிறது. அந்த நாட்டில் அதுதான் மிக நீளமான ஆறு. 1,000 கிலோ மீட்டருக்கு மேல் ஓடி அட்லாண்டிக் கடலில் கலக்கிறது.

அந்த ஆற்றங்கரையில் சைக்கிளுக்கு ஒரு வழி இருக்கிறது. அதன் நீளம் ஏறக்குறைய 900 கிலோ மீட்டர். பல இடங்களில் அதில் கார், லாரி வராது. மற்ற இடங்களில் கூட்டம் குறைந்த கிராமத்து ரோடு. வயதானவர்களும் போகிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குடும்பமாகவும் போகிறார்கள்.

வழியில் என்ன பார்க்கலாம்? பழைய அரண்மனைகள் இருக்கின்றன. திராட்சைத் தோட்டங்கள் இருக்கின்றன. சோமூர் என்ற ஊர்ப் பக்கம் மலையில் வெட்டிய குகைகளைப் பார்க்கலாம். ஒரு காலத்தில் வீடு கட்டக் கல் வெட்டி எடுத்த குழிகள் அவை. அந்தக் குகைகளில் காளான் வளர்க்கிறார்கள். மனிதர்கள் குடியிருந்த குகை வீடுகளும் உண்டு.

பிரியார் என்ற ஊரில் இன்னும் ஓர் அதிசயம். ஆற்றுக்கு மேலே பாலம். அந்தப் பாலத்தின் மேல் ரோடு இல்லை, கால்வாய் ஓடுகிறது! கீழே ஆறு போகிறது. மேலே படகு போகிறது. 1896-ல் திறந்த பாலம் அது. நீளம் 662 மீட்டர். கன்னியாகுமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப் பாலத்தைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். அங்கேயும் ஆற்றுக்கு மேலே தொட்டியில் தண்ணீர் போகிறது அல்லவா?

ஏன் ஆற்றோரம்?

சைக்கிளில் போகிறவர்கள் ஏன் ஆற்றோரத்தைத் தேடுகிறார்கள்? காரணம் எளியது. தண்ணீர் மேட்டில் ஏறாது. பள்ளம் பார்த்துத்தான் ஓடும். ஆற்றை ஒட்டிய வழியும் பெரும்பாலும் சமமாக இருக்கும். மேடு ஏறி மூச்சு வாங்க வேண்டாம்.

இன்னொரு காரணமும் உண்டு. மனிதன் ஆற்றங்கரையில்தான் ஊர் கட்டினான். குடிக்கத் தண்ணீர், பயிருக்குத் தண்ணீர், ஏற்றுமதிக்குப் படகு எல்லாம் ஆற்றில்தான். அதனால் ஆற்றோரம் போனால் கொஞ்ச தூரத்துக்கு ஓர் ஊர் வரும். பசித்தால் சாப்பாடு கிடைக்கும். இருட்டினால் படுக்க இடம் கிடைக்கும்.

வழி எப்படி வந்தது?

இந்த வழி தானாக வரவில்லை.

ரயில் வருவதற்கு முன்னால் பிரான்சில் நிறையச் சரக்கு படகில் போனது. கால்வாய்களில் படகைக் கயிறு கட்டி இழுப்பார்கள். குதிரையும் இழுக்கும், மனிதனும் இழுப்பான். இழுப்பவர் நடக்கக் கரையில் ஒரு பாதை இருக்கும். ரயில் வந்த பிறகு படகுகள் குறைந்தன. பாதை சும்மா கிடந்தது. ஆற்றிலும் வெள்ளத்தைத் தடுக்க நீண்ட கரை போட்டிருந்தார்கள். அந்தக் கரையின் மேலும் பாதை இருந்தது.

1990-களின் நடுவில் இரண்டு மண்டல அரசுகள் சேர்ந்து ஒரு முடிவு எடுத்தன. பழைய பாதைகளை ஒன்றோடு ஒன்று சேர்த்தார்கள். விட்டுப்போன இடத்தில் புதிதாகப் போட்டார்கள். எல்லாம் முடியப் பல ஆண்டுகள் ஆயின.

பாதை போட்டதோடு விடவில்லை. பிரிவு வரும் இடங்களில் பலகை நட்டார்கள். பலகையில் சைக்கிள் படம், அம்புக்குறி, அடுத்த ஊரின் பெயர், தூரம். அதைப் படிக்கத் தெரிந்தால் போதும். யாரையும் வழி கேட்க வேண்டாம்.

தங்கும் இடங்களுக்கும் ஒரு முத்திரை கொடுத்தார்கள். அதை வாங்கச் சில நிபந்தனைகள் உண்டு. வீடு பாதையிலிருந்து 5 கிலோ மீட்டருக்குள் இருக்க வேண்டும். சைக்கிளைப் பத்திரமாக வைக்க இடம் வேண்டும். பஞ்சர் ஒட்டச் சாமான் வேண்டும். இதனால் யாருக்கு லாபம்? கிராமத்துக்காரர்களுக்குத்தான். காரில் போகிறவர் கிராமத்தைத் தாண்டிப் போய்விடுவார். சைக்கிளில் போகிறவர் நிற்பார். ரொட்டி வாங்குவார். காப்பி குடிப்பார். இரவு தங்குவார். அவர் செலவு செய்யும் காசு அந்தச் சின்ன ஊரிலேயே தங்கும்.

இது உழைப்பவர்கள் வாங்கிய உரிமை

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

பாதை இருந்தால் மட்டும் போதுமா? போக நாள் வேண்டாமா? வேலைக்குப் போகாத நாளில் கூலி இல்லை என்றால் யார் ஊர் பார்க்கப் போவார்கள்?

பிரான்சிலும் தொழிலாளிகள் அப்படித்தான் இருந்தார்கள். 1936-ல் மே, ஜூன் மாதங்களில் அங்கே லட்சக்கணக்கான தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஜூன் மாதத்தில் சட்டம் வந்தது. ஓர் ஆண்டு வேலை செய்தவருக்கு 2 வாரம் விடுப்பு. அந்த 2 வாரத்துக்கும் சம்பளம் உண்டு!

அந்தக் கோடையில் என்ன நடந்தது தெரியுமா? தொழிலாளிகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார்கள். கணவன் முன்னால், மனைவி பின்னால், இரண்டு பேரும் மிதிக்கும் நீண்ட சைக்கிளில் பலர் போனார்கள். பின்னால் கூடாரத் துணி, சமையல் பாத்திரம். ஆற்றங்கரையில் தங்கினார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடலைப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர்.

ஆகவே, சைக்கிளில் ஊர் பார்ப்பது பணக்காரன் கொடுத்த பிச்சை அல்ல. கார் வாங்க முடியாத தொழிலாளி, தான் போராடி வாங்கிய ஓய்வு நாளில் செய்த காரியம் அது.

நம் நாட்டிலும் 1948-ல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. ஓர் ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு, 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுப்பு என்று அது சொன்னது. ஆனால் சின்னப் பட்டறைகள் அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. தாராவியில் தோல் பட்டறை, தையல் பட்டறை, மண்பாண்டச் சூளை என்று வேலை செய்கிறவர்களுக்கு இதன் பொருள் நன்றாகத் தெரியும். நீங்கள் படிக்கக் கற்றுக்கொண்டீர்கள். உங்கள் வேலைக்கு என்ன சட்டம் உண்டு, எத்தனை நாள் விடுப்பு உண்டு என்று இனி நீங்களே படித்துக் கேட்கலாம்.

பம்பாயிலிருந்து புறப்பட்ட ஆறு பேர்

“இந்த வேலை எல்லாம் வெள்ளைக்காரனுக்குத்தான் வரும்” என்று யாராவது சொன்னால், இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

1923 அக்டோபர் 15. பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிளில் புறப்பட்டார்கள். உலகத்தையே சுற்றி வரத்தான்! ஈரான் வழியாகப் போனார்கள். பாலைவனத்தைக் கடந்தார்கள். ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டினார்கள். அமெரிக்கா, ஜப்பான், சீனா, பர்மா எல்லாம் பார்த்தார்கள். வழியில் மூன்று பேர் பிரிந்துவிட்டார்கள். ஆதி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பும்காரா என்ற மூன்று பேர் 1928 மார்ச்சில் பம்பாய் திரும்பினார்கள். அவர்கள் மிதித்த தூரம் ஏறக்குறைய 71,000 கிலோ மீட்டர்.

அப்போது நல்ல ரோடு கிடையாது. கையில் போன் கிடையாது. திரும்பி வந்து ஒரு புத்தகம் எழுதினார்கள். ஜவாஹர்லால் நேரு அதற்கு முன்னுரை எழுதினார். நம் ஊரிலிருந்து போன சைக்கிள், நூறு ஆண்டுகளுக்கு முன்பே உலகத்தைச் சுற்றிவிட்டது!

நம் ஆறு, நம் பாதை

சரி. நாம் உலகத்தைச் சுற்ற வேண்டாம். பிரான்சுக்கும் போக வேண்டாம். நமக்கு ஆறு இல்லையா?

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் திருநெல்வேலிப் பக்கம். தாத்தா காலத்தில் பம்பாய் வந்த குடும்பங்கள். கோடை விடுமுறையில் ஊருக்குப் போகிறீர்கள். கல்யாணம், கொடை, காதுகுத்து முடிந்ததும் ரயில் ஏறிவிடுகிறீர்கள். தாமிரபரணியை ஒரு முழுக்குப் போடும் அளவுக்குத்தான் பார்த்திருப்பீர்கள். அதை மேலிருந்து கீழே வரை பார்த்தவர் எத்தனை பேர்?

தாமிரபரணியின் நீளம் ஏறக்குறைய 128 கிலோ மீட்டர். மலையில் பிறந்து, நம் நாட்டிலேயே ஓடி, நம் கடலிலேயே கலக்கிறது. ஒரு நாளைக்கு 35, 40 கிலோ மீட்டர் மிதித்தால், மூன்று நான்கு நாளில் கடல் வந்துவிடும்.

பாபநாசத்தில் புறப்படுங்கள். அங்கேதான் ஆறு மலையை விட்டு இறங்குகிறது. அடுத்து விக்கிரமசிங்கபுரம். வெள்ளைக்காரன் காலத்திலேயே பஞ்சாலை வந்த ஊர். பிறகு அம்பாசமுத்திரம். ஆற்றைத் தாண்டினால் கல்லிடைக்குறிச்சி. அந்த ஊர் அப்பளம் மாட்டுங்கா கடை வரைக்கும் வருகிறது.

அப்புறம் வீரவநல்லூர், காருகுறிச்சி. நாதஸ்வரம் வாசித்த அருணாசலத்தின் ஊர் காருகுறிச்சி. அடுத்தது சேரன்மகாதேவி. அதைத் தாண்டினால் பத்தமடை. கோரைப் புல்லைக் கீறி, மெல்லிய நூலாக்கி, பட்டுத் துணிபோலப் பாய் நெய்கிற ஊர். கொஞ்ச நேரம் நின்று தறியைப் பாருங்கள். பாய் எங்கே போகிறது, நெய்கிற கைக்கு என்ன கூலி என்றும் கேளுங்கள்.

திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைப்பது சுலோசன முதலியார் பாலம். முன்பு அங்கே படகில்தான் கடக்க வேண்டும். சுலோசன முதலியார் என்ற அரசு அதிகாரி தன் சொந்தப் பணத்தைக் கொடுத்தார். 1843-ல் பாலம் எழுந்தது. இன்றும் அதன் மேல் வண்டிகள் போகின்றன.

அங்கிருந்து கிழக்கே போனால் ஆதிச்சநல்லூர். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த மேடு அது. இரும்புக் கருவிகளும் பானைகளும் தோண்டி எடுத்தார்கள். எதிர்க்கரையில் ஸ்ரீவைகுண்டம். அங்கே ஓர் அணைக்கட்டு. மலையிலிருந்து எண்ணினால் தாமிரபரணியின் எட்டாவது அணைக்கட்டு. அதற்கப்புறம் ஏரல், வெற்றிலை விளையும் ஆத்தூர். ஒரு காலத்தில் முத்து விற்ற கொற்கையும் பக்கத்தில்தான். கடைசியில் புன்னைக்காயல். அங்கே ஆறு கடலில் கலக்கிறது.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தஞ்சாவூர்ப் பக்கத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காவிரி இருக்கிறது. கல்லணையில் புறப்பட்டால் திருவையாறு, கும்பகோணம் வழியாகப் பூம்புகார் வரை போகலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். லுவார் ஆற்றங்கரைபோல இங்கே தனிப் பாதை இல்லை. பஸ்ஸும் லாரியும் போகும் ரோட்டில்தான் போக வேண்டும். அதனால் விடியற்காலையில் கிளம்புங்கள். வெயில் ஏறுவதற்குள் நிறுத்துங்கள். ஊருக்குள் போகும் சின்ன ரோடு இருந்தால் அதில் திரும்புங்கள். கிளை ரோடு எங்கே போகிறது என்று பலகை சொல்லும். பலகையில் இருப்பது தமிழ். நீங்கள் படித்துவிடுவீர்கள்!

அக்காமார்களுக்கு ஒரு வார்த்தை

“எல்லாம் சரி, இது ஆம்பளைகளுக்கு” என்று ஓர் அக்கா நினைப்பது எனக்குத் தெரிகிறது. அவர்களுக்காகத்தான் இந்தச் செய்தி.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். எழுத்துக் கற்ற பெண்கள் சைக்கிளும் கற்கட்டும் என்று முடிவு செய்தார்கள். வயல் வேலை செய்கிறவர்கள், கல் குவாரியில் கல் உடைக்கிறவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராம நர்சுகள் எல்லாரும் வந்தார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார்கள். கேலி பேசியவர்கள் உண்டு. பெண்கள் நிறுத்தவில்லை. 1992 மார்ச் 8, உலக மகளிர் தினத்தில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். மொத்தத்தில் ஒரு லட்சம் பெண்கள்வரை சைக்கிள் கற்றார்கள் என்று சொல்வார்கள்.

பெண்கள் சைக்கிள் போதவில்லை. ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். “இதுதான் நல்லது, முன் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம்” என்று சொன்னவர்களும் உண்டு!

இதனால் கிடைத்தது என்ன? பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் நேரம் மிச்சம். தண்ணீர் கொண்டுவர, காய்கறி விற்க, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக அண்ணனையோ கணவனையோ எதிர்பார்க்க வேண்டியதில்லை. தன் காலால் மிதித்து, தான் நினைத்த இடத்துக்குப் போகலாம். எழுத்தும் சைக்கிளும் கொடுப்பது ஒன்றுதான். யாரையும் எதிர்பார்க்காத நடமாட்டம்.

தாராவி ஓரத்திலும் ஓர் ஆறு

நம் பக்கத்திலும் ஆறு ஓடுகிறது. மித்தி ஆறு. விஹார், பவாய் ஏரிகளிலிருந்து வந்து மாஹிம் கடலில் சேர்கிறது. 2005 ஜூலை 26-ல் அது பொங்கி வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதன் கரையில் மூக்கைப் பிடிக்காமல் நடக்க முடியுமா? முடியாது.

ஆனால் அதே கரையில் ஒரு பூங்கா இருக்கிறது. ஒரு காலத்தில் குப்பை கொட்டிய மேடு. மண் போட்டு, மரம் நட்டு, 1994-ல் இயற்கைப் பூங்காவாகத் திறந்தார்கள். இன்று அங்கே பறவை கூடு கட்டுகிறது. பக்கத்து பாந்த்ரா-குர்லா வளாகத்தில் 2011-ல் சைக்கிளுக்குத் தனிப் பாதை போட்டார்கள். அதில் சைக்கிளைவிட நிறுத்தி வைத்த கார்கள்தான் அதிகமாக இருந்தன. ஆகவே, பாதை போட்டால் மட்டும் போதாது. ஓட்ட ஆட்கள் வேண்டும். “இது எங்கள் பாதை” என்று கேட்க வாய் வேண்டும். மனு எழுதக் கை வேண்டும். அந்தக் கை இப்போது உங்களுக்கு இருக்கிறது.

எப்படித் தொடங்குவது?

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆள் இல்லாத மைதானத்தில் தொடங்குங்கள். சீட்டை இறக்கி வையுங்கள். இரண்டு காலும் தரையில் படட்டும். பெடலை மிதிக்காமல் காலால் தள்ளித் தள்ளிப் போங்கள். பிடிமானம் வந்த பிறகு மிதியுங்கள். பிரேக் பிடிக்கப் பழகாமல் ரோட்டுக்கு வரவே கூடாது.

பயணத்துக்கு முன் ஒரு மாதம் தினமும் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். விலை உயர்ந்த சைக்கிள் வேண்டாம். 2001-க்குப் பிறகு தமிழ்நாட்டு அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. ஊரில் அத்தை வீட்டிலோ மாமா வீட்டிலோ ஒன்று நிற்கும். பிரேக் கட்டை, செயின், டயர் மூன்றையும் பார்த்து வாங்குங்கள். பம்பு, பஞ்சர் ஒட்டும் ரப்பர், சொலுஷன், ஒரு ஸ்பேனர் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பாட்டில் தண்ணீர். தலைக்குத் துண்டு. பின்னால் சிவப்பு விளக்கு. தனியாகப் போகாதீர்கள். நாலு பேராகப் போங்கள். ஆற்றில் குளிக்கும்போது உள்ளூர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையில் மட்டும் இறங்குங்கள்.

ஒரு சின்ன நோட்டும் பேனாவும் கொண்டுபோங்கள். ஒவ்வொரு ஊரின் பெயரை எழுதுங்கள். என்ன பார்த்தீர்கள், எவ்வளவு செலவானது என்று எழுதுங்கள். திரும்பி வந்து இந்த வகுப்பில் படித்துக் காட்டுங்கள். அடுத்த ஆண்டு போகிறவர்களுக்கு அதுதான் வழிகாட்டி.



பேசிப் பார்ப்போம்

1. ஆற்றோரப் பாதை சைக்கிளுக்கு ஏன் வசதியானது?

2. 1936-ல் பிரான்சுத் தொழிலாளர்கள் எந்த உரிமையை வாங்கினார்கள்? உங்கள் வேலையில் சம்பளத்தோடு விடுப்பு உண்டா?

3. புதுக்கோட்டைப் பெண்களுக்குச் சைக்கிளால் என்னென்ன நன்மை கிடைத்தது?

4. உங்கள் சொந்த ஊர் எந்த ஆற்றுக்குப் பக்கம்? அந்த ஆற்றங்கரை ஊர்களின் பெயர்களை வரிசையாக எழுதுங்கள்.